வில்லை தேர்ந்த வரலாறு

ஒளிப்படக் கலையில் புதிதாக அடியெடுத்து வைப்போர் கேமராவைத் தேர்வதில் காட்டும் அக்கறையில் பாதியேனும் அதன் வில்லையைத் தேர்வதில் காட்டுவதில்லை. கேமரா கண்ணுக்குத் தெரிகிறது. லென்ஸ் என்னும் வில்லையோ அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த உறுப்பாகவே எண்ணப்படுகிறது. உண்மையில் எதைக் காணப்போகிறோம் என்பதை முடிவு செய்வது வில்லையே.

யாம் வாழும் ராஜா அண்ணாமலைபுரத்தில் தொல்காப்பியப் பூங்கா உள்ளது. அடையாற்றுக் கழிமுகத்தையொட்டி 58 ஏக்கர் பரப்பில், 2011-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. தமிழாசிரியர் ஒருவர் அப்பெயரைக் கேட்டுவிட்டு இலக்கணத்தை மறந்து படம் எடுக்க இயலுமா? நிலமும் பொழுதும் முதற்பொருள். நீர்ப்பரப்பும் வானும் ஒருங்கே அடங்க 18 மில்லிமீட்டர் அகல்கோணம் போதும். புள்ளும் மரமும் கருப்பொருள். அலையாத்திக்கு அப்பால் நிற்கும் கொக்கு, கேமராவுடன் வரும் 18-55 வில்லையில் வெண்புள்ளியாகவே விழுகிறது. அதனை அருகழைக்க 300 மில்லிமீட்டரேனும் வேண்டும். அத்தகைய வில்லையின் விலையும் எடையும் விரிவுரையாளர் தோளுக்கு ஏற்றவை அல்ல. கொக்கு காத்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

எஞ்சியது உரிப்பொருள். அது பூங்காவில் இல்லை. எம் வீட்டில் இருந்தது.

எம் தந்தையாருக்கு இருப்பது ஒரே படம். ஹஜ்ஜுப் பயணத்தின்பொருட்டுக் கடவுச்சீட்டுக்காக எடுத்தது. படம் பிடித்துக்கொள்வதை விரும்பாத தலைமுறை அது. உம்மாவும் அவ்வாறே, எண்பதைக் கடந்தபின்தான் சற்று இசைந்தார்கள். அதிலும் ஒரு கட்டளை: கண்புரை அறுவை செய்த கண், மின்னல் விளக்குக் கூடாது. அவர்கள் சாளரத்தருகே தஸ்பீஹ் உருட்டுவதோ மஃரிபுக்குச் சற்று முன், ஒளி வடியும் வேளை.

இங்கேதான் எண்கள் உதவின. வில்லையின் துளையைக் குறிக்கும் எண் சிறுத்தால் துளை பெருக்கும். 18-55 வில்லை, நீட்டிய நிலையில் 5.6 வரையே திறக்கும்; 1.8 வரை திறக்கும் நிலைக்குவிய வில்லை ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதற்கு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் வேண்டுமெனில் பின்னதற்கு அறுபதில் ஒரு பங்கு போதும். ஆறில் ஒரு பங்கில் மணி உருட்டும் விரல் புகையாகிவிடும்.

தொடக்கநிலையாளர்க்குப் பலரும் பரிந்துரைப்பது 50 மில்லிமீட்டர். விலை குறைவு, பழியொன்றும் இல்லை. ஆயினும் எளிய கேமராக்களின் உணரி 24 மில்லிமீட்டர் அளவே அகலமுடையது. அதில் 50-ஐப் பொருத்தி இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஒரு மீட்டர் அகலங்கூட அடங்காது. எம் கூடத்தில் அதற்குமேல் பின்வாங்கினால் சுவர். 35 எனில் 1.3 மீட்டருக்கு மேல் அடங்கும், சாளரமும் வந்துவிடும். கடைக்குச் செல்லுமுன் பழைய வில்லையையே ஒரு வாரம் 35-இலும் மறுவாரம் 50-இலும் நிறுத்திப் பார்த்தோம். மாணவர்க்கு யாம் கூறுவதும் இச்சோதனையையே, காசு செலவில்லை.

35-ஐ வாங்கினோம். உம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார்கள். முகத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. "விரல் நல்லா விழுந்திருக்கு" என்றார்கள். பிறகு விலையைக் கேட்டார்கள். யாம் தேநீர் கொண்டுவர எழுந்தோம்.