தலைநகரின் வாசலில் 93,000 ஏக்கர்!

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் யூனியன் ஸ்டேஷனில் இருந்து மாலை நேரத்தில் வடமேற்கே ஒரு புறநகர் ரயில் கிளம்புகிறது. ராக்வில், கெய்தர்ஸ்பர்க், ஜெர்மன்டவுன் என்று வரிசையாக ஊர்கள். ஜன்னலுக்கு வெளியே அடுக்குமாடி வீடுகள், கடைகள், கார் நிறுத்தும் இடங்கள். ஜெர்மன்டவுனுக்கு அடுத்த நிறுத்தம் பாய்ட்ஸ். அங்கிருந்து காட்சி அப்படியே மாறிவிடுகிறது. பார்ன்ஸ்வில், டிக்கர்சன் என ரயில் போகப் போக மக்காச்சோளம், சோயா, வைக்கோல் உருளைகள், மாடு மேயும் புல்வெளி. ரயிலேறி ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

இது மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமெரி கவுன்டி. கவுன்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் போல. மக்கள்தொகை 10 லட்சத்துக்கும் மேல். நாட்டிலேயே வசதியான கவுன்டிகளில் ஒன்று. இப்படிப்பட்ட இடத்தில் விளைநிலம் மிஞ்சியிருக்கவே கூடாது. ஆனால், கவுன்டியின் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 93,000 ஏக்கர், இன்றும் வேளாண் காப்பு நிலமாக இருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட பண்ணைகள் உள்ளன.

மகளும் மருமகனும் ஜெர்மன்டவுனில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போன கோடையில், சனி, ஞாயிறுகளில் காரில் இந்தப் பகுதியைச் சுற்றி வந்தேன். பூல்ஸ்வில் பக்கம் போகும் சாலைகள் சில, ஒரு கார் போனால் எதிரே வரும் கார் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான். பணம் இல்லாமல் அப்படி விடவில்லை. பழைய கிராமச் சாலைகளை அகலப்படுத்தாமல் காக்க 1993-லேயே தனியாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். வயல்கள் பெரும்பாலும் மானாவாரி. மழை ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்கிறது. அதனால் வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஆங்காங்கே காய்கறிக் கடைகள். தக்காளி, பீச் பழம், அன்று பறித்த இனிப்பு மக்காச்சோளம். வாங்குபவர்கள் பாதிப்பேர் நகரத்துக்காரர்கள்.

எப்படித் தப்பியது இந்த நிலம்?

1964-ல் கவுன்டி தன் நீண்டகால நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை வெளியிட்டது. வளர்ச்சி முக்கியச் சாலைகள், ரயில் தடங்களை ஒட்டியே நடக்க வேண்டும். அவற்றுக்கு இடையே ஆப்பு வடிவில் பசுமை நிலம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால், படத்தைப் பார்த்து யாரும் மனை போடுவதை நிறுத்தவில்லை. 1970-களில் 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதி வந்தது. அதுவும் பலிக்கவில்லை. 5 ஏக்கர் வீதம் வெட்டி, பணக்காரர்கள் பங்களா கட்டிக்கொண்டார்கள். உழவுக்கு மிகச் சிறியது, தோட்டத்துக்கு மிகப் பெரியது என்ற அளவில் நிலம் துண்டாகிப் போனது.

1980-ல் கடுமையான முடிவு எடுத்தார்கள். அப்போது திட்டக் குழுவின் தலைவராக இருந்தவர் ராய்ஸ் ஹான்சன். காப்புப் பகுதியில் 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்றது புதிய விதி. விவசாயிகள் பலர் கொதித்தார்கள். நிலம்தான் அவர்களுக்கு வங்கிச் சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு, முதுமைக்கால ஓய்வூதியம் எல்லாம். ஒரே நாளில் அதன் விலையை அரசு குறைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

அதற்குக் கண்ட வழிதான் டி.டி.ஆர், அதாவது மேம்பாட்டு உரிமை மாற்றம். ஒருவருக்கு 100 ஏக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி 20 வீடுகள் கட்டலாம். புதிய விதிப்படி 4 வீடுகள்தான். ஆனால், 5 ஏக்கருக்கு ஒன்று வீதம் 20 உரிமைகள் அவர் பெயரில் இருக்கும். 4 வீடுகளுக்கான உரிமையை வைத்துக்கொண்டு, மீதி 16-ஐ அவர் விற்கலாம். வாங்குபவர் நகரப் பகுதியில் வீடு கட்டும் நிறுவனக்காரர். அந்த உரிமையை வைத்து, அதற்கென ஒதுக்கிய இடத்தில் வழக்கத்தைவிடக் கூடுதல் வீடுகள் கட்டிக்கொள்வார். விவசாயிக்குப் பணம் வருகிறது. நிலமும் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஆனால், விற்ற உரிமை விற்றதுதான். அது ஆவணத்தில் ஏறி, அடுத்தடுத்த தலைமுறையையும் கட்டுப்படுத்தும். இந்த வழியில் மட்டும் 50,000 ஏக்கருக்கும் மேல் காக்கப்பட்டிருக்கிறது.

சிக்கலும் வந்தது. கூடுதல் வீடுகளை ஏற்க வேண்டிய நகரவாசிகள் வழக்குப் போட்டார்கள். அடர்த்தியைத் திட்ட ஆவணத்தில் எழுதினால் போதாது, மண்டலச் சட்டத்திலேயே முறையாகச் சொல்ல வேண்டும் என்று 1987-ல் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவுன்டி சட்டத்தைத் திருத்தி, திட்டத்தைத் தொடர்ந்தது.

இன்னொரு காவல்காரன் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருக்கிறது. காப்புப் பகுதிக்குள் பொதுக் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் நீட்டுவதில்லை என்பது கவுன்டியின் கொள்கை. சொந்தக் கிணறு, சொந்த செப்டிக் டேங்க்தான். குழாய் வராத இடத்தில் நெருக்கமாக வீடு கட்ட முடியாது அல்லவா?

பழைய திட்டம், புதிய கேள்விகள்

1964-ல் போட்ட திட்டத்தை முழுமையாகப் புதுப்பித்து, 2022 அக்டோபரில் கவுன்டி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. 'த்ரைவ் மான்ட்கோமெரி 2050' என்று பெயர். வேளாண் காப்புப் பகுதி தொடரும் என்பதில் மாற்றமில்லை. சண்டையெல்லாம் நகரப் பகுதியில்தான். தனி வீடுகள் மட்டுமே உள்ள தெருக்களில் இரண்டு, மூன்று குடும்பங்கள் வாழும் வீடுகளையும் அனுமதிக்கலாமா? மரங்கள் என்னாகும்? பள்ளிக்கூடம் தாங்குமா? இப்படிக் காரசாரமாக வாதாடினார்கள். கொரோனா காலம் என்பதால் பல கூட்டங்கள் இணையவழியில் நடந்தன.

கூட்டத்துக்கு வருவது யார் என்ற கேள்வியும் எழுந்தது. நேரமும் வசதியும் உள்ள வீட்டுச் சொந்தக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள், ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் வருவதில்லை. அவர்களிடம் போய்க் கேட்காமல் எப்படி முடிவெடுப்பது என்று கவுன்சில் நிறுத்தி, தனியாக ஆட்களை அமர்த்தி மறுபடியும் கருத்துக் கேட்டது. கடைசி நேரத்தில் இன்னொரு குழப்பம். திட்டக் குழு மீது நம்பிக்கை போய்விட்டது என்று கவுன்சில் சொல்ல, 5 உறுப்பினர்களும் அதே அக்டோபரில் பதவி விலகினார்கள். அதற்குப் பிறகும் திட்டம் நிறைவேறியது.

வீட்டிலும் இதே வாதம்தான். "மாமா, நீங்க வயலைப் பார்த்து சந்தோஷப்படுறீங்க. எங்க வாடகை வருஷா வருஷம் ஏறுது. இங்க வீடு வாங்கணும்னா எத்தனை வருஷம் ஆகும்னு தெரியலை" என்றார் மருமகன். அவர் சொல்வதும் நியாயம்தான். நிலத்தைக் காப்பாற்ற நினைத்தால், மனிதர்கள் குடியிருக்க நகரத்துக்குள் இடம் கொடுத்தே ஆக வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாவிட்டால், விலையேற்றத்தின் பாரம் இளம் குடும்பங்கள் தலையில்தான் விழும். இளம் விவசாயிக்கும் அதே கதிதான். உரிமைகள் விற்ற பிறகும் இங்கே நிலத்தின் விலை, புதிதாக உழ வருபவர் தொடும் அளவில் இல்லை. குதிரை வளர்க்கும் செல்வந்தர் அவரோடு போட்டிக்கு நிற்கிறார்.

சோலார் வந்தபோது இன்னொரு வாதம். 2021-ல் கவுன்சில் நடுவழி ஒன்றைக் கண்டது. முதல் இரண்டு தர மண்ணில் சூரிய மின் தகடுகள் கூடாது. மற்ற இடங்களில் சிறப்பு அனுமதி பெற்று, குறிப்பிட்ட அளவுக்குள் வைக்கலாம். தகடுகளுக்கு அடியில் ஆடு மாடு மேய்க்க வேண்டும், அல்லது பயிரோ, தேனீக்களுக்கு உதவும் செடிகளோ இருக்க வேண்டும். மின்சாரமா, சோறா என்று கேட்காமல், எந்த மண்ணில் எது என்று கேட்டிருக்கிறார்கள்.

நமக்கு எதற்கு இது?

நம் ஊரிலும் 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டங்கள் தயாராகின்றன. வரைவு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. அரசிதழிலும் நாளிதழிலும் வரும் அந்த அறிவிப்பைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. மனைக்கல் நட்ட பிறகுதான் விஷயமே தெரிகிறது.

உங்கள் பகுதிக்கு வரைவு வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்கள் சர்வே எண் வரைபடத்தில் எந்த நிறத்தில், எந்தப் பயன்பாட்டில் இருக்கிறது? புதிய சாலையும் குழாயும் எந்தத் திசையில் வருகின்றன? ஊர் ஏரி, வரத்துக் கால்வாய், மேய்ச்சல் நிலம் படத்தில் இருக்கின்றனவா? இவற்றைக் குறித்துக்கொண்டு, சர்வே எண்ணோடு எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். தனியாகக் கொடுப்பதைவிட, ஒரே வாய்க்காலில் பாசனம் செய்பவர்கள் சேர்ந்து கொடுத்தால் வலு அதிகம்.