வாய் இல்லாத குழல்

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1987இல் ஒரு பழைய மலக்குழியைத் தோண்டியபோது கிடைத்த ரெக்கார்டர் குழலின் நகல்களைத்தான் நான் அதிகம் செய்கிறேன். பழ மரத்தின் ஒற்றைத் துண்டு, 25.6 செ.மீ. நீளம். கார்பன் கணிப்பின்படி 1246க்கும் 1322க்கும் இடைப்பட்டது.

வெளிக் கடைசல் அரை நாள் வேலை. உள்துளைதான் ஆளைச் சோதிக்கும். மேலே 13.6 மி.மீ. விட்டம், கீழே வர வர ஒடுங்கி ஏழாம் விரல்துளையருகே 11.5, அடியில் மறுபடி 14.5க்கு விரிகிறது. பழைய ஆளின் கைக்கோணல் என்று நினைத்து அந்த இடுக்கைச் சீராக்கினால் மேல் ஸ்தாயி சுருதி விலகிப் போகும்.

இந்த எண்களையும் அப்படியே நம்ப முடியாது. ஊறிக் கிடந்த மரம் காயும்போது ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதிகம் சுருங்கும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் குறைவாகச் சுருங்கும். வட்டம் முட்டை வடிவாகிவிடும். குறுக்கே அளந்தால் வரும் இரண்டு விட்டங்களில் பெரியதையே நான் எடுத்துக்கொள்வேன். சராசரி எடுப்பவர்களும் உண்டு; அவர்கள் செய்வது மரம் சுருங்கிய பிறகான குழல்.

ஆனால் குழலின் குரல் பிறப்பது மேலே, வாயில். மூச்சை மெல்லிய தகடாக்கி அனுப்பும் ஊதுவழி, அதற்கு அடியில் அடைப்புக் கட்டை, எதிரே காற்றைக் கீறும் விளிம்பு. கோட்டிங்கன் குழலில் சிதைந்தது அதே இடம். விளிம்புக்கு முன்னுள்ள திறப்பான சாளரத்தின் ஒரு பக்க வெட்டு மட்டும் மிச்சம், கட்டை தொலைந்துவிட்டது. நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் அருகே 1940இல் அகழியில் கிடைத்த குழலிலும் விளிம்பு சேதம். எஸ்தோனியாவின் டார்ட்டு நகரில் 2005இல் கிடைத்த மேப்பிள் குழல் பிர்ச் கட்டையோடு வந்ததால் எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. அது வேறொருவர் கடைந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே ஊதுவழியின் உயரத்தைக் காதை வைத்தே முடிவு செய்கிறேன். ஹான்ஸ் ரைனர்ஸ் மறுஆக்கம் செய்த கோட்டிங்கன் குழல் இரண்டு ஸ்தாயி பேசும். காதைத் துளைக்கும் கூர்மை அதற்கு. இன்றைய ரெக்கார்டரின் பூனைக்குரல் கேட்டுப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பிடித்ததே அந்தக் கூர்மைதான்.

இன்றைய வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதியில் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு நீளத்தையும் துளைகளையும் மாற்றிச் செய்து கொடுப்பேன். அந்தக் குழல்களின் அடியில் மட்டும் கோட்டிங்கன் என்று பொறிப்பதில்லை.