குறை எங்கே இருக்கிறது?



அரபு இலக்கணமும் மார்க்கச் சட்டமும் கற்பிக்கும் மதரஸா ஆசிரியன் ஒருவன் விசைப்படகின் கியர் பெட்டியைப் பற்றி எழுதப் புகுவது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். கடலில் செல்லும் கப்பல்களை வல்ல அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் பல இடங்களில் சுட்டிக் காட்டுகின்றான். கடலை நம்பி வாழ்ந்த முன்னோர்களின் வழி வந்த நாம், படகின் வயிற்றுக்குள் நடப்பதைச் சற்று எட்டிப் பார்ப்பதில் தவறில்லை. அன்றியும், அந்த இருண்ட அறைக்குள் நான் கண்டது நம் ஒவ்வொருவர் இல்லத்துக்கும் பயன்படக் கூடியது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். விசைப்படகின் டீசல் என்ஜின் படகின் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அது எப்போதும் ஒரே திசையில்தான் சுழலும். அந்தச் சுழற்சியை வாங்கி, வேகத்தைக் குறைத்து, வலிமையைக் கூட்டி, நீருக்கடியில் இருக்கும் விசிறிக்கு அனுப்புவதே கியர் பெட்டியின் வேலை. எடுத்துக்காட்டாக, என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றினால், 3-க்கு 1 என்ற விகிதமுள்ள பெட்டி அதை 600 சுற்றாக்கி விசிறிக்குக் கொடுக்கும். படகு முன்னே செல்வதும், பின்னே வருவதும், என்ஜின் ஓடியும் படகு நகராமல் நிற்பதும் இந்தப் பெட்டியின் தயவால்தான். பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகள் உள்ளன. ஆயிலின் அழுத்தம் அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. பிடி தளர்ந்தால் என்ஜின் வீணே இரையும், படகு நகராது.

நடுக்கடலில் இப்படி நேர்ந்தால் என்னவாகும்? எங்கள் பாக் நீரிணையில் இது வெறும் பண நட்டத்தோடு முடியும் செய்தியன்று. 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு கரையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. விசையிழந்த படகு, காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கமெல்லாம் செல்லும். எல்லையைத் தாண்டிவிட்டால் படகு ஒரு நாட்டின் கையிலும், அதை நம்பியிருக்கும் குடும்பம் மறு நாட்டின் கரையிலுமாக நிற்க நேரிடும்.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் என் மச்சானின் படகுக்கு இத்தகைய சோதனை வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கடன் வாங்கிப் படகைப் பழுது பார்த்து, மீண்டும் கடலில் இறக்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஓரிரவு வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது என்ஜின் திடீரென்று உரக்க இரைந்தது. படகோ நகர மறுத்தது. அல்லாஹ்வின் அருளால் அருகில் இருந்த மற்றொரு படகினர் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தனர்.

கரை சேர்ந்ததும் தீர்ப்பு ஆயத்தமாக இருந்தது! படகில் பங்குதாரரான மச்சானின் தம்பி, டிரைவர்தான் பெட்டியைக் கெடுத்தார் என்றார். வேகத்தைக் குறைக்காமலே முன்னுக்கும் பின்னுக்கும் கியரைத் தள்ளுவது அவருடைய வழக்கம் என்று யாரோ சொன்னார்களாம். ஒன்பது ஆண்டுகள் அந்தக் குடும்பத்துக்கு உழைத்த கிறிஸ்தவச் சகோதரர் அவர். அவருடைய கூலி நிறுத்தப்பட்டது. புதுப் பெட்டி வாங்குவதற்காக என் லாத்தாவின் வளையல்கள் அடகுக் கடைக்குச் செல்லக் காத்திருந்தன. லாத்தா வாய் திறக்கவில்லை. வளையல்களைக் கழற்றித் துணியில் முடிந்து மேசையின் மேல் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். "பெட்டியை இறக்கிவிடுங்கள்" என்றார் தம்பி. பெரியவரோ ஸ்பானரைத் தொடவில்லை. டிரைவரை அழைத்து வரச் சொன்னார்!

"அவரிடம் என்ன கேட்பது? கெடுத்தவரே அவர்தானே?" என்றார் தம்பி.

"தம்பி, பெட்டியோடு இரவெல்லாம் இருந்தவர் அவர். அவரைக் கேட்காமல் நான் யாரைக் கேட்பேன்?" என்றார் பெரியவர்.

அவர் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். படகு நின்றபோது என்ஜினின் ஓட்டம் கூடியதா, குறைந்ததா? கூடியது என்றார் டிரைவர். அப்படியானால் வலையோ கயிறோ விசிறியில் சுற்றிக்கொள்ளவில்லை. சுற்றியிருந்தால் என்ஜின் பாரம் தாங்காமல் திணறியிருக்கும். எங்கோ பிடி நழுவுகிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

அடுத்து, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. ஆயில் பால் போல் வெளுத்திருந்தால், குளிரூட்டும் கூலர் ஓட்டையாகிக் கடல்நீர் கலந்துவிட்டது என்று பொருள். வெளுக்கவில்லை. முகர்ந்து பார்த்தார். கருகல் நாற்றம் கடுமையாக அடித்தால் தட்டுகள் எரிந்துவிட்டன என்று அஞ்ச வேண்டும். இலேசான வாடைதான் இருந்தது.

பிறகு படகைப் பாலத்தில் உறுதியாகக் கட்டச் செய்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, முதலில் பின்னோக்கிய கியரைப் போடச் சொன்னார். கயிறு விறைத்து நின்றது. முன்னோக்கிய கியரைப் போட்டபோது கயிறு துவண்டு கிடந்தது.

அன்பு வாசகர்களே, இந்த இடத்தைச் சற்றுக் கவனியுங்கள். ஆயில் பம்பும், தண்டும், விசிறியும் இரு திசைக்கும் பொதுவானவை. அவற்றில் கோளாறு இருந்தால் பின்னோக்கிச் செல்வதும் தடைப்பட்டிருக்கும். ஒரு திசை மட்டும் கெட்டிருப்பதால், அந்தத் திசைக்கே உரிய ஒன்றில்தான் குறை இருக்க வேண்டும். முன்னோக்கிய கிளட்சாக இருக்கலாம். அல்லது அதை இயக்கும் கேபிளாக இருக்கலாம். ஒரே சோதனையில் பாதி ஐயங்கள் அகன்றுவிட்டன!

பெரியவர் என்ஜினை நிறுத்திவிட்டு, கியர் பெட்டியின் கைப்பிடியிலிருந்து கேபிளைக் கழற்றினார். மீண்டும் என்ஜினை ஓடவிட்டு, அந்தக் கைப்பிடியைத் தம் கையாலேயே முன்பக்கம் முழுவதும் தள்ளினார். படகு ஒரு குலுக்கலுடன் முன்னே பாய முயன்றது. கயிறு நாண் போல் விறைத்தது. பெட்டியில் குறையில்லை!

கேபிளைப் பிடித்திருக்கும் தகட்டின் போல்ட்டு அதிர்வில் தளர்ந்து, கேபிளின் உறை சற்று நகர்ந்திருந்தது. டிரைவர் மேலே கைப்பிடியை முழுவதும் தள்ளினாலும், கீழே அது முக்கால் வழியே சென்றது. ஆகவே ஆயில் முழு அழுத்தத்துடன் தட்டுகளை இறுக்கவில்லை. வலையின் பாரம் ஏறியதும் பிடி நழுவியது. இப்படியே இன்னும் சில நாட்கள் ஓட்டியிருந்தால் தட்டுகள் உண்மையிலேயே எரிந்து போயிருக்கும்.

போல்ட்டை முடுக்கி, கேபிளின் நீளத்தைத் திருத்தி, ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றினார்கள். பெரியவர் அத்துடன் விடவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, பெட்டியும் தண்டும் சேரும் கப்ளிங்கைப் பிரித்து, இரு முகங்களுக்கும் இடையே மெல்லிய அளவுத் தகட்டைச் செருகிச் சுற்றிலும் பார்த்தார். 4 அங்குல விட்டமுள்ள கப்ளிங்கில் ஓரத்துக்கு ஓரம் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 பங்குக்கு மேல் வேறுபடலாகாது என்றார். அதாவது, ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன்! "தரையில் இருக்கும்போது பார்த்த நேர் போதாது, தம்பி. தண்ணீரில் இறக்கினால் மரம் தன் வடிவத்துக்கு வரும். மிதக்கும்போதுதான் அளக்க வேண்டும்" என்றார்.

நஹ்வு பாடத்தில் மாணவர்களுக்கு நான் நாள்தோறும் சொல்வது ஒன்று உண்டு. சொல்லின் இறுதியில் நீங்கள் காணும் உயிர்க்குறி விளைவுதான். அதை விளைவித்த 'ஆமில்' பெரும்பாலும் அதற்கு முன்னேயுள்ள வேறொரு சொல்லில் இருக்கும். இறுதியை மட்டும் உற்றுப் பார்ப்பவன் காரணத்தைக் காணமாட்டான். அந்தப் பெரியவர் நஹ்வு படித்தவரல்லர். ஆனால் ஆமிலைத் தேடத் தெரிந்தவர்!

சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆவது வசனம், தீயவன் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் ஏற்று, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த வேண்டாம் என்று எச்சரிக்கின்றது. இதை எத்தனையோ மேடைகளில் நாம் கேட்டிருக்கிறோம். 'யாரோ சொன்னார்கள்' என்பதற்காக ஓர் உழைப்பாளியின் கூலி நிறுத்தப்பட்டபோது அந்த வசனம் எங்கே போயிற்று? கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கக் கற்பித்த மார்க்கம் அன்றோ நம்முடையது!

லாத்தாவின் வளையல்கள் மீண்டும் கைக்கு ஏறின. மச்சானின் தம்பி டிரைவரின் வீட்டுக்கே சென்று கூலியைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். அவர் பெருந்தன்மையுடன் மன்னித்தார், தேநீரும் கொடுத்தார். ஆனால் அடுத்த மாதமே வேறொரு படகுக்குச் சென்றுவிட்டார். தளர்ந்த போல்ட்டை முடுக்க ஸ்பானர் இருக்கிறது. ஒன்பது ஆண்டு நம்பிக்கை தளர்ந்தால் முடுக்குவதற்குக் கருவி ஏது?

மருமகள் வந்த பின்னர்தான் மகன் மாறினான் என்போரும், மதரஸாவை விட்டு ஓடிய பிள்ளையைச் சோம்பேறி என்போரும், கணக்கு உதைத்தால் கடைப்பையனைச் சந்தேகிப்போரும் நம்மில் இல்லையா? பெட்டியை இறக்கும் முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை முதலில் அழைத்துப் பேசுங்கள். எது நன்றாக இருக்கிறது என்பதையும் பாருங்கள். குறை எங்கே இல்லை என்பதை அது காட்டிக் கொடுக்கும்.

தீர விசாரித்துத் தெளியும் பொறுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! கடல்மேல் செல்லும் நம் சகோதரர்கள் அனைவரையும் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக! ஆமீன்.