உடும்புக்குப் பசி எடுக்கட்டும்!

விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து கிளம்பினால், ஊர்வனவற்றைப் பார்க்க மூன்று இடங்கள் இருக்கின்றன. தெற்கே ஆறேழு கிலோமீட்டரில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. வடக்கே கிண்டியில் பாம்புப் பண்ணை. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை.

எங்கே போனாலும் உடும்புக் கூண்டின் முன்னால் கூட்டம் அதிக நேரம் நிற்காது. அது ஒரு மரக்கட்டை மேல் அசையாமல் கிடக்கும். "தூங்குதுப்பா, வா போலாம்" என்று பெரியவர்கள் நகர்வார்கள். குழந்தைகள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள்: "இதுக்குச் சாப்பாடு போட மாட்டாங்களா?"

போடுவார்கள். ஆனால் தினமும் போட மாட்டார்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது.

சேலையூரில் தொடங்கிய கதை

தாம்பரத்தை அடுத்த சேலையூருக்கும் ஊர்வனவற்றுக்கும் பழைய உறவு உண்டு. ரோமுலஸ் விட்டேக்கர் தன் முதல் பாம்புப் பண்ணையைச் சிறிய அளவில் தொடங்கிய இடம் அதுதான். 1972-ல் பண்ணை கிண்டிக்கு இடம் மாறியது. 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வந்தது. 1978-ல் அங்கேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டு வருமானம் இழந்த இருளர்கள், பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்க அந்தச் சங்கம் வழி செய்தது. தரையில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே எந்த வளையில் எது இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

முதலைப் பண்ணையில் முதலைகளோடு நீர் உடும்புகளும் வளர்ந்தன, குஞ்சு பொரித்தன. அவற்றின் இனப்பெருக்கத்தையும் வளர்ச்சியையும் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1990-ல் 'ஹமாட்ரையட்' இதழில் வெளிவந்தது. இலங்கையில் கபரகொயா என்று அழைக்கப்படும் இனம் இது. இரண்டு மீட்டருக்கு மேல் வளரும். நம் ஊர்ப் புதர்க்காடுகளில் இருப்பது வேறு. அதை வங்க உடும்பு என்பார்கள். தலையிலிருந்து வால் நுனி வரை ஒன்றரை மீட்டர் வந்தாலே பெரிய உடும்பு.

காட்டில் என்ன சாப்பாடு?

உடும்பு என்றதும் கோழிக்குஞ்சும் முட்டையும்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் வங்க உடும்பின் சாப்பாட்டில் பெரும் பங்கு வண்டுகளும் புழுக்களும்தான். இவற்றோடு நத்தை, நண்டு, தேள், தவளை, பல்லி, எலி, பறவை முட்டை, செத்த பிராணியின் இறைச்சி என்று எது கிடைத்தாலும் விடாது. முதலை முட்டை இருக்கும் குழியையும் தோண்டிவிடும்.

காலை வெயில் ஏறி உடம்பு சூடானதும் வெளியே கிளம்பும். சருகைக் கிளறும், கரையான் புற்றைச் சுரண்டும், மரப்பொந்தில் தலையை விடும். நாலு வண்டு கிடைக்க நாலு இடம் தோண்ட வேண்டும். சாப்பிடும் நேரத்தைவிடத் தேடும் நேரம்தான் அதிகம். அந்த அலைச்சலில்தான் அதன் உடம்பு கட்டுக்கோப்பாக இருக்கிறது.

தேடுவதற்கு அதன் கருவி நாக்கு. பாம்பைப் போலவே இரண்டாகப் பிளந்த நீண்ட நாக்கு. அது காற்றிலும் மண்ணிலும் உள்ள வாசனைத் துகள்களை எடுத்து, மேல் அண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பிடம் சேர்க்கிறது. நாக்கின் இரண்டு முனைகளில் எந்தப் பக்கம் வாசனை அதிகமோ, அந்தப் பக்கம் உடும்பு திரும்பும்.

வாசனை பிடிக்கும் இந்த நாக்கு, விழுங்குவதற்கு உதவாது. இரையைப் பிடித்ததும் உதறும், தரையில் அடிக்கும். பிறகு தலையை வெடுக்கென்று ஆட்டி, இரை தன் வேகத்திலேயே தொண்டைக்குள் போகும்படி தள்ளும். முழு எலியும் சில நொடியில் காணாமல் போய்விடும்.

கூண்டுக்குள் வரும் ஆபத்து

இப்படி அலைந்து தின்னும் பிராணியைக் கூண்டில் வைத்து, வேளாவேளைக்கு எலியும் முட்டையும் கோழியும் போட்டால் என்ன ஆகும்? தின்னும். போடப் போடத் தின்னும். அடுத்த இரை எப்போது வருமோ என்று பழகிய உடம்பு அது. போதும் என்று ஒதுங்கத் தெரியாது. இதே குடும்பத்தில் பெரியதான இந்தோனேசியாவின் கொமோடோ டிராகன், ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை விழுங்கக்கூடியது. அப்படி ஒரு வேட்டை கிடைத்தால் பல வாரங்கள் பட்டினி கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை.

உடும்பு குளிர் ரத்தப் பிராணி. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள நம்மைப் போலச் சாப்பாட்டை எரிக்க வேண்டியதில்லை. அந்த வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது. அதனால் அதே எடையுள்ள ஒரு பாலூட்டிக்குத் தேவைப்படுவதில் சிறு பங்கு உணவே அதற்குப் போதும். மீதியெல்லாம் கொழுப்பு. உலகெங்கும் வளர்க்கப்படும் உடும்புகளுக்கு அடிக்கடி வரும் தொல்லைகள் உடல் பருமன், கல்லீரலில் கொழுப்பு, தண்ணீரும் சூடும் சரியாகக் கிடைக்காதபோது யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவீக்கம். நம் வீட்டு லேப் ரிப்போர்ட்டில் பார்க்கும் அதே பெயர்கள்தான்!

ஆகவே வளர்ந்த உடும்புக்கு வாரத்தில் ஓரிரு முறை தீனி கொடுத்தால் போதும். வளரும் குட்டிக்கு அடிக்கடி வேண்டும். அதிலும் பூச்சிகள்தான் அதிகம் இருக்க வேண்டும். எலும்பில்லாத இறைச்சித் துண்டுகளை மட்டும் போட்டு வந்தால் கால்சியம் குறைந்து எலும்பு வளைந்துவிடும். முழு இரையாக, எலும்போடு தின்றால்தான் கணக்குச் சரியாகும்.

இன்னொன்று, வெயில். மழையும் மேகமுமாக இருக்கும் கார்த்திகை, மார்கழியில் உடும்பின் பசி தானாகவே குறையும். சூடு இல்லாமல் இரை செரிக்காது. செரிக்காத இரை வயிற்றிலேயே அழுகி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் சாப்பிட்ட உடும்பு வெயிலைத் தேடிப் படுக்கிறது. 'தூங்குதுப்பா' என்று நாம் நகர்ந்து போகும் நேரத்தில் அது செரித்துக்கொண்டிருக்கலாம்.

தேடித் தின்னட்டும்

நல்ல பராமரிப்பு என்பது தட்டில் வைப்பது அல்ல, தேட வைப்பது. இரையைச் சருகுக்குள் புதைப்பது, மரக்கட்டையின் துளையில் ஒளிப்பது, தண்ணீரில் மிதக்க விடுவது, ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுவது என்று பல வழிகள் உண்டு. இதற்கு ஈடுகொடுக்கும் மூளையும் உடும்புக்கு இருக்கிறது. அமெரிக்காவின் டல்லாஸ் விலங்குக் காட்சியகத்தில் ஆப்பிரிக்க இன உடும்புக் குட்டிகள் எட்டுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்க்குள் எலி. குழாயில் திறக்கும் கதவுகள். எட்டுக் குட்டிகளும் பத்து நிமிடத்துக்குள் கதவைத் திறந்து எலியை எடுத்துவிட்டன. அடுத்த முறை இன்னும் சீக்கிரம். 2008-ல் இந்த ஆய்வு வெளியானது.

கற்றுக்கொள்ளும் இந்தத் திறமையில் ஒரு சிக்கலும் உண்டு. கதவு திறந்தால் தீனி என்று பழகிவிட்டால், உள்ளே வரும் பராமரிப்பாளரின் கையையே இரை என்று நினைத்துப் பாயும். "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்ற பழமொழி சும்மா வரவில்லை. அதனால் குச்சி முனையில் வண்ணப் பந்து ஒன்றைக் காட்டி, அதைத் தொட்டால்தான் உணவு என்று பழக்குகிறார்கள். கைக்கும் தீனிக்கும் சம்பந்தமில்லை என்று பிராணிக்குப் புரிந்துவிடுகிறது. வடநெம்மேலியில் முதலைகளையே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும்படி பழக்கியிருக்கிறார்கள்.

நம் தெருவில் வந்தால்?

தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரி வளாகம், நன்மங்கலம் காடு, வண்டலூர் காப்புக்காடு என்று இந்தப் பகுதியில் இன்னும் புதர்க்காடு மிச்சமிருக்கிறது. அதன் ஓரமெல்லாம் இப்போது வீடுகள். குப்பை இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் உடும்பு. பாங்காக் நகரின் லும்பினி பூங்காவில் நீர் உடும்புகள் அளவுக்கு மீறிப் பெருகி, 2016-ல் பலவற்றைப் பிடித்து இடம் மாற்ற வேண்டியதாயிற்று. சுலபமாகச் சாப்பாடு கிடைக்கும் இடத்தில் அவை தங்கிவிடும்.

வாசலில் உடும்பைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். துரத்தவும் வேண்டாம், முட்டை வைத்துப் பழக்கவும் வேண்டாம். வழி விட்டால் அதுவே போய்விடும். வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிடிப்பதும் வளர்ப்பதும் கொல்வதும் கடுமையான குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உடும்பு இருக்கிறது. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில் அதிர்ஷ்ட வேர் என்று விற்கப்படுவது, உண்மையில் ஆண் உடும்பின் பிறப்புறுப்பைக் காயவைத்தது. அதை வாங்கினாலும் குற்றமே.

போகும் முன்: வண்டலூர் பூங்காவுக்கும் கிண்டி பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய் விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கள். காலை வெயில் ஏறிய பிறகு போங்கள், உடும்பு சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் அது. பத்து நிமிடம் பேசாமல் நின்று நாக்கை மட்டும் கவனியுங்கள். சிப்ஸ், பிஸ்கட் எதையும் உள்ளே போடாதீர்கள். குழந்தை மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்டால், "நேத்து சாப்பிட்டிருக்கும், இன்னும் ரெண்டு நாளைக்கு வேணாம்" என்று தைரியமாகச் சொல்லலாம்.