மணற்காட்டு மணலும் இறம்பொடை இறக்கமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து அப்பாற் சென்றால், அதுவரை இருமருங்கும் நெருங்கி நின்ற வேலிகளும் தோட்டங்களும் பனை வடலிகளும் சட்டென விலகிப்போகும். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. இதுவே வல்லை வெளி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இதனைச் சைக்கிளிற் கடந்தவர்கள் அந்த அனுபவத்தை ஆயுளில் மறக்கமாட்டார்கள். மோட்டார் வண்டிக்காரருக்கோ வேகத்தைக் கூட்டச்சொல்லிக் காலைத் தூண்டும் இடம்.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, அத்தானுடைய பழைய லாண்ட் ரோவரில் நெல்லியடிக்குச் சென்றுகொண்டிருந்தோம். பின்னாசனத்தில் அக்காவும் அவர்களுடைய ஏழு வயது மகளும். வெளியின் நடுவே, மேய்ச்சல் முடிந்த மாடுகள் திடீரென வீதிக்கு ஏறின. அத்தான் பிரேக்கை மிதித்தார். இரும்போடு இரும்பு உரசும் கொடிய ஓசை எழுந்தது. வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடி, கடைசி மாட்டுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. மாடு திரும்பிப் பார்க்கவுமில்லை. அக்கா மாத்திரம், "ஓகஸ்ட் விடுமுறைக்கு இந்த வண்டியிலயோ நுவரெலியாவுக்குப் போறது?" என்று கேட்டாள். அத்தான் வாய் திறக்கவில்லை.

இவ்வண்டி சும்மா நிற்கும் வண்டியன்று. அத்தானுக்கு மணற்காட்டிலே கரைவலைத் தொழில். வல்லிபுரத்தைத் தாண்டி, சவுக்கு மரங்களுக்கும் மணற்குன்றுகளுக்கும் ஊடாகச் செல்லும் அந்தக் கடற்கரை ஊரை வாசகர்களிற் பலர் அறிந்திருப்பர். மணலிற் பாதி புதையுண்டு கிடக்கும் பழைய தேவாலயத்தின் இடிபாட்டைப் பார்ப்பதற்கென்றே வருவோர் உண்டு. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்து மோதிய கரையும் இதுவே. அங்கிருந்து மீன்பெட்டிகளை ஏற்றிவருவது இந்த லாண்ட் ரோவரின் நாளாந்த ஊழியம்.

மறுநாட் காலை நெல்லியடியில் ஒரு கராஜுக்குப் போனோம். அதனை நடத்தும் பெரியவர், போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாதபோது ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். முன்சக்கரத்தைக் கழற்றித் தட்டின்மேல் நகத்தை ஓட்டினார். உழுத வயல்போல வரிவரியாகப் பள்ளம். "தம்பி, இது தேய்ஞ்சு முடிஞ்ச பாட் இல்லை. மணல் அரைச்ச பாட்," என்றார்.

மாணவ நேயர்களுக்காக ஒரு வார்த்தை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இரு பக்கமும் கட்டைகள் கவ்விப் பிடிப்பதே ‘டிஸ்க்’ பிரேக். அக்கட்டைகளே ‘பாட்’. 1902இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் இதற்கு உரிமை பெற்றார். ஆயினும் உலகம் இதனைப் பொருட்படுத்த ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1948இல் தோன்றிய முதல் லாண்ட் ரோவரிலும் மூடிய ‘டிரம்’ பிரேக்கே இருந்தது. 1983இல் வந்த 110 வகையிலேதான் முன்சக்கரங்களுக்குத் தட்டு வந்தது. டிரம்முக்குள் நீர் புகுந்தால் இலகுவில் வெளியேறாது. திறந்த தட்டோ நீரை உடனே உதறிவிடும். ஆனால், பாட்டிலே பதிந்துவிட்ட மணலை அதனால் உதற முடியாது. அம்மணல் அரத்தைப்போல இரும்பை அராவிக்கொண்டேயிருக்கும்.

பெரியவர் தட்டின் தடிப்பை அளந்தார். எந்தத் தடிப்புக்குக் கீழே பாவிக்கலாகாது என்பதைத் தட்டிலேயே பொறித்திருப்பார்கள். அத்தானின் தட்டு அந்த அளவைத் தாண்டியிருந்தது. லேத்தில் கடைந்து மட்டமாக்க முடியுமா என்று அத்தான் கேட்டார். பெரியவர் சிரித்தார். "அந்த நாளில கார் மண்ணெண்ணெயில ஓடினது, தம்பி. ஆனால், நிக்கிறதுக்கு அப்பவும் பிரேக்தான் வேணும்."

இடப்பக்கம் இழுத்ததன் காரணமும் தெரிந்தது. வலப்பக்கக் கவ்வியின் ஊசிகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. அந்தப் பக்கம் பிரேக் அரைகுறையாகவே பிடித்திருக்கிறது. இவ்வாறான வேளையில் தட்டையும் பாட்டையும் மாத்திரம் மாற்றுவது வீண் செலவு.

இனி எதை வாங்குவது? கொழும்பு பஞ்சிகாவத்தையில் துளையிட்ட அழகிய தட்டுகளைக் கண்டிருந்த அத்தானுக்கு அவற்றின்மேல் ஆசை. துளை ஒவ்வொன்றும் மணலும் சேறும் போய் அடையும் இடம் என்று பெரியவர் தடுத்துவிட்டார். கீறல் போட்ட தட்டு அழுக்கைத் துடைக்கும். ஆனால் பாட்டை விரைவிற் தின்னும். ஆகவே, துளையுமின்றிக் கீறலுமின்றி, வண்டி வந்தபோதிருந்த அதே அளவில் சாதாரணத் தட்டு இரண்டு. ஒரு பக்கத்தை மாத்திரம் மாற்றுவது என்ற பேச்சே இல்லை.

பாட்டிலேதான் உண்மையான சிக்கல் இருந்தது. உலோகம் கலவாத மென்மையான பாட் சத்தமிடாது, தட்டையும் அதிகம் தேய்க்காது; சமதரையான குடாநாட்டுக்கு அது போதும். ஆனால் மிகச் சூடேறினால் அதன் பிடி தளரும். இரும்புத்தூள் கலந்த பாட் சூட்டைத் தாங்கும். கடற்கரையிலோ துருப்பிடித்து, நாட்கணக்கில் நிறுத்திவைத்தால் தட்டோடு ஒட்டவுங்கூடும். ஆண்டில் முந்நூறு நாள் மணற்காடு, மூன்று நாள் நுவரெலியா. எந்தக் கணக்கை எடுப்பது?

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறம்பொடை வழியாகப் பேராதனைக்கு வருகையில் வண்டி சுமார் 1,400 மீற்றர் இறங்குகிறது. சுமையோடு இரண்டு தொன் எனக் கொண்டால், அந்த இறக்கத்திற் பிறக்கும் சக்தி எண்பது லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். இதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் ஏற்கும். மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில். மலையையே காணாத நம்மவர் கீழ்க்கியரில் இறங்கத் தெரியாமல் பிரேக்கில் காலை வைத்தபடியே வருவதுண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"எங்கை கூட ஓடுது எண்டு பாக்காதை, தம்பி. பிள்ளையளை ஏத்திக்கொண்டு எங்கை நிக்க வேணும் எண்டு பார்," என்றார் பெரியவர். இரும்புத்தூள் கலந்த பாட் என்று அத்தான் முடிவு செய்தார். பிரேக் எண்ணெயையும் மாற்றினார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டிற் கொதித்தால் மிதி வெறுமையாகக் கீழே போய்விடும். மலிவாகக் கிடைத்த பாட் ஒன்றைச் சென்ற வருடம் ஒரு கடையில் வாங்கியதை அத்தான் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். பெட்டியில் பெரிய பெயர் அச்சிட்டிருந்ததாம்.

புதிய பாட்டும் தட்டும் ஒன்றையொன்று பழகவேண்டும். அதற்கும் வல்லை வெளியே வாய்த்தது. அதிகாலையில், ஆளரவமற்ற நேரத்தில், மணிக்கு ஐம்பது கிலோமீற்றரிலிருந்து பத்துக்கு மெல்லக் குறைத்து, முற்றாக நிறுத்தாமல் மீண்டும் ஓட்டி, இப்படிப் பத்துத் தடவை. வண்டி நூல் பிடித்தாற்போல் நேரே சென்றது.

மணற்காட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு நாளும் அத்தான் இப்பொழுது சக்கரங்களைக் கழுவுகிறார். சூடு ஆறிய பிறகே கழுவுவார். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்நீர் பட்டால் அது கோணும், வெடிக்கவுங்கூடும். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். அதனால் வீட்டு நன்னீர்க் கிணற்றிலிருந்துதான் கழுவ வேண்டும். குடாநாட்டில் நன்னீர், நிலத்தடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பது. அதை வண்டிக்கு வார்ப்பதா என்று அக்கா முணுமுணுப்பாள். இரண்டு வாளியோடு நிறுத்திக்கொள்வது என்று உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது.

ஓகஸ்டில் நுவரெலியாவுக்குப் போனோம். திரும்பும்போது இறம்பொடை வளைவுகளில் அத்தான் இரண்டாம் கியரை விட்டு ஏறவேயில்லை. பின்னால் வந்த பஸ்கள் கோணடித்துத் திட்டின. அருவிக்கருகே தேநீருக்காக நிறுத்தினோம். இறங்கியதும் அத்தான் முதலிற் செய்த காரியம், முன்சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்த்ததுதான். மகளும் ஓடிவந்து அவரைப்போலவே குனிந்து மோந்தாள். "ஒரு மணமும் இல்லையே, அப்பா," என்றாள் ஏமாற்றத்தோடு. அக்கா தேநீருக்குச் சொல்லப் போனாள்.