மக்களின் பெயரால்

உயர்தரத்தில் கலைப்பிரிவைத் தெரிவுசெய்து, அதன்பின் சட்டம் படிக்க விரும்புகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. உம்மா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். "படிக்கிறதுன்டா படிங்க மகள். ஆனா ஆக்கள உள்ளுக்குப் போடுற பக்கம் மட்டும் போயிராதீங்க." அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எனது மாமா ஒருவர் சில வருடங்களுக்கு முன் சந்தேகத்தின் பேரில் கைதானார். குற்றப்பத்திரம் எதுவும் தாக்கல் செய்யப்படாமலேயே ஏழு மாதம் விளக்கமறியலில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். அந்த ஏழு மாதமும் ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்ற வாசலில் நின்றவர் உம்மா. வழக்குத் தொடுப்பவர் என்றால் எங்கள் வீட்டில் பயம்தான் முதலில் வரும்.

அதனால்தான் கமலா ஹாரிஸின் கதை என்னை வேறு விதமாக ஈர்த்தது. தமிழ்ப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியபோதெல்லாம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தையும், அங்குள்ள கோயிலில் நடந்த வழிபாட்டையும், "முதல் பெண்" என்ற பட்டங்களையுமே எழுதின. 2020 ஓகஸ்டில் கட்சி மாநாட்டில் தன் உறவினரை நினைவுகூர்ந்தபோது "சித்தி" என்ற தமிழ்ச் சொல்லை அவர் உச்சரித்தது எங்கள் வகுப்பறை வரை பேசப்பட்டது. ஆனால் அவர் எந்தப் படியில் காலை வைத்து மேலே ஏறினார் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவர் ஏறிய முதல் படி, உம்மா போகவேண்டாம் என்று சொன்ன அதே பக்கம்.

அவருடைய தாய் சியாமளா கோபாலன் 1958இல், 19 வயதில், இந்தியாவிலிருந்து தனியே கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். பிற்காலத்தில் மார்புப் புற்றுநோய் ஆய்வாளரானவர். தந்தை டொனால்ட் ஹாரிஸ், ஜமேக்காவில் பிறந்த பொருளியல் பேராசிரியர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்தில் சந்தித்த இருவர் அவர்கள். 1964 ஒக்டோபர் 20ஆம் திகதி ஓக்லண்ட் நகரில் கமலா பிறந்தார். பெற்றோர் பிரிந்தபின் தாயே இரு பெண்பிள்ளைகளையும் வளர்த்தார். பொலிஸாரையும் நீதிமன்றங்களையும் சந்தேகத்தோடு பார்த்த சூழல் அது. ஆகவே சட்டம் படித்த மகள், வழக்குத் தொடுநர் அலுவலகத்தில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்றபோது குடும்பத்தாருக்கு அது எளிதில் விளங்கவில்லை. பட்டப்படிப்பு ஆய்வேடு ஒன்றுக்காக வாதாடுவதைப் போலத் தன் முடிவுக்காகத் தன் வீட்டாரிடமே வாதாட வேண்டியிருந்தது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, மொன்றியலில் படித்த காலத்தில் வீட்டில் துன்புறுத்தலுக்கு ஆளான பாடசாலைத் தோழி ஒருத்தி. அவளைத் தன் வீட்டிலேயே தங்கவைக்கும்படி தாயிடம் கேட்டார், தாயும் சம்மதித்தார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக நீதிமன்றத்தில் எழுந்து நிற்க ஒருவர் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மற்றது, கதவுக்கு வெளியே நின்று கோஷமிடுவோர் தேவைதான், ஆனால் அந்தக் கோஷம் கேட்டதும் உள்ளேயிருந்து கதவைத் திறப்பவரும் தேவை என்ற நம்பிக்கை.

1988இல் அவர் இன்னும் சட்ட மாணவி. ஓக்லண்டில் அலமீடா மாவட்ட வழக்குத் தொடுநர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார். போதைப்பொருள் தேடுதல் ஒன்றில் பலரோடு சேர்த்து, சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணும் பிடிபட்டிருந்தாள். அது வெள்ளிக்கிழமை பின்னேரம், நீதிமன்றம் கலைந்துகொண்டிருந்தது. இனித் திங்கட்கிழமைதான் நீதவான் முன் அவளைக் கொண்டுவர முடியும். இரண்டு நாள்தானே என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் வார இறுதியில் வேலைக்குப் போகிறவளா, வேலை பறிபோகுமா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களை யார் பார்ப்பது என்றெல்லாம் அந்த மாணவி யோசித்தார். நீதிமன்ற எழுதுவினைஞரிடம் ஓடிப்போய், அந்த ஒரு வழக்கை மட்டும் எடுக்கும்படி மன்றாடினார். நீதவான் மீண்டும் ஆசனத்தில் அமர்ந்தார். அந்தப் பெண் அன்றே வீடு சென்றாள்.

இந்தச் சம்பவத்தை அவருடைய தன்வரலாற்றில் படித்தபோது மாமாவின் ஏழு மாதத்தை நினைத்துக்கொண்டேன். கோப்பு யாருடைய மேசையில் இருக்கிறதோ அவருக்கு அது ஒரு கோப்பு. வாசலில் நிற்பவருக்கு அது முழு வாழ்க்கை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருப்பதும் இல்லாமற்போவதும் ஒன்றல்ல.

ஆனால் அவருடைய ஏற்றம் நேர்கோடாக இருக்கவில்லை. 1989இல் சட்டப்பட்டம் பெற்ற அவர், தொழிலுக்குத் தகுதிபெறும் பரீட்சையில் முதல் தடவை சித்தியடையவில்லை. அடுத்த வருடம் மீண்டும் எழுதிச் சித்தியடைந்தார். பரீட்சைப் பெறுபேற்றோடு வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அழும் தோழிகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் உள்ளூர் வழக்குத் தொடுநர் மக்களின் வாக்கால் தெரிவுசெய்யப்படுகிறார் என்பது நமக்குப் புதிய செய்தி. நம் நாட்டில் சட்டமா அதிபர் நியமிக்கப்படுபவர். வாக்குக் கேட்டு வருவதில்லை. அங்கோ எந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடுப்பது, என்ன தண்டனை கேட்பது என்று முடிவெடுப்பவரே தேர்தலிலும் நிற்க வேண்டும். 2003 டிசம்பரில், தான் முன்பு பணிபுரிந்த அலுவலகத்தின் தலைவரையே தோற்கடித்து, சான் பிரான்சிஸ்கோவின் முதல் பெண் மாவட்ட வழக்குத் தொடுநரானார் ஹாரிஸ். மரண தண்டனை கேட்கமாட்டேன் என்பது அவருடைய வாக்குறுதிகளுள் ஒன்று.

பதவியேற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2004 ஏப்ரலில் 29 வயதுப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கடமையில் சுட்டுக்கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. மரண தண்டனை கேட்கப் போவதில்லை என்று ஹாரிஸ் சில நாட்களிலேயே அறிவித்தார். இறுதிச் சடங்கில் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் அந்த முடிவைக் கண்டித்துப் பேச, திரண்டிருந்த பொலிஸார் எழுந்து நின்று கைதட்டினர். ஹாரிஸ் அதே சபையில் அமர்ந்திருந்தார். அவர் முடிவை மாற்றவில்லை. கொலையாளிக்குப் பின்னர் பரோலற்ற ஆயுட்காலச் சிறை கிடைத்தது. சொன்ன சொல்லுக்கு விலை வந்தபோது அதைக் கொடுத்தவர் என்று அவரை மதிக்க இந்த ஒரு சம்பவம் போதும்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எழுதுவது சுலபம். 2010இல் அவர் கலிபோர்னியா மாநிலத்தின் சட்டமா அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். தேர்தல் இரவிலேயே எதிரணி வேட்பாளர் வெற்றி உரை நிகழ்த்திவிட்டார். வாக்கெண்ணல் மூன்று வாரம் நீண்டது. ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஹாரிஸ் வென்றார். அந்தப் பதவியில் இருந்தபோது, வீட்டுக்கடன் மோசடியில் சிக்கிய குடும்பங்களுக்காகப் பெரிய வங்கிகள் முன்வைத்த முதல் தொகையை ஏற்க மறுத்துப் பேரம்பேசி, 2012இல் பல மடங்கு அதிகமான நிவாரணத்தைப் பெற்றுக்கொடுத்தார். ஆனால் 2014இல் சமஷ்டி நீதிபதி ஒருவர் கலிபோர்னியாவின் மரண தண்டனை முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தபோது, அதை எதிர்த்து மேன்முறையீடு செய்தது ஹாரிஸின் அலுவலகம். மாநிலத்தின் சட்டத்துக்காக வாதாடுவது பதவியின் கடமை என்பது அவரது விளக்கம். வேறொரு விடயத்தில் அப்படி வாதாட மறுத்தவர் இதில் மட்டும் ஏன் சம்மதித்தார் என்று அவரது ஆதரவாளர்களே கேட்டனர். பதவி உயர உயர, கதவைத் திறக்க உள்ளே போனவர் கதவுக்குக் காவலாகவும் நிற்க நேர்கிறது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு சம்பவமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் கொலையுண்ட இளைஞர்களில் மிகப் பெரும்பாலானோர் பாடசாலையை இடைநடுவில் கைவிட்டவர்கள் என்று ஹாரிஸ் கண்டார். பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் பெற்றோர் பொறுப்பு என்றார். அவர் முன்னின்று கொண்டுவரச் செய்த மாநிலச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது. பாடசாலை நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காரணமின்றிப் பிள்ளை வராவிட்டால், பெற்றோருக்கு 2,000 டொலர் வரை அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ விதிக்க அது இடமளித்தது. அவர் நகரத்தில் எந்தப் பெற்றோரும் சிறைக்குப் போகவில்லை என்பதை அவர் பெருமையாகச் சொன்னார். ஆனால் சட்டம் ஒரு நகரத்துக்கு மட்டுமானது அல்லவே. 2013இல் ஒரேஞ்ச் மாவட்டத்தில் ஒரு தாயைப் பொலிஸார் விலங்கிட்டு அழைத்துச் சென்றனர். அவருடைய மகளுக்கோ கடுமையான பரம்பரை இரத்த நோய். அடிக்கடி வைத்தியசாலையில் கிடக்க வேண்டிய பிள்ளை. குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அந்த அவமானத்தை யாராலும் கைவிடச் செய்ய முடியவில்லை. 2019இல் ஜனாதிபதி வேட்பாளராக நிற்க முயன்றபோது, அச்சட்டத்தின் எதிர்பாராத விளைவுகளுக்காக ஹாரிஸ் வருந்தினார்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஓர் அந்நியப் பெண்ணின் பிள்ளைகளைப் பற்றி யோசித்தவரும், அந்தச் சட்டத்துக்குத் துணைநின்றவரும் ஒரே ஆள்தான். முதலாவது பெண் அவர் கண்முன்னே இருந்தாள். இரண்டாவது தாய் அவர் ஒருபோதும் காணாத ஓர் ஊரில் இருந்தார். சிறிய பதவியில் இருப்பவருக்கு முகங்கள் தெரியும். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் ஒரு வரி, முகம் தெரியாத ஆயிரம் வீடுகளுக்குள் போகும். எனக்கு இதுதான் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய பாடம்.

2017இல் செனட் சபைக்குப் போனார். முஸ்லிம் நாடுகள் ஏழிலிருந்து பயணிகள் வருவதை ட்ரம்ப் தடைசெய்தபோது உடனே எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 2021 ஜனவரி 20ஆம் திகதி உப ஜனாதிபதியாகப் பதவியேற்றார். செனட் சபையில் வாக்குகள் சமநிலையானபோது அவர் அளித்த தீர்க்கும் வாக்குகள் 33; வேறெந்த உப ஜனாதிபதியும் அத்தனை வாக்கு அளித்ததில்லை. 2024 ஜூலையில் ஜோ பைடன் விலகியதும் ஜனாதிபதி வேட்பாளரானார். அப்போது காஸாவில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தனர். சிக்காகோ மாநாட்டு மேடையில் ஒரு பலஸ்தீன அமெரிக்கருக்குச் சில நிமிடம் பேச இடம் தாருங்கள் என்ற வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டது. அரபு மக்கள் நிறைந்து வாழும் டியர்போர்ன் நகரம், முந்திய தேர்தலில் அவரது கட்சியை வெல்லவைத்த நகரம், இம்முறை ட்ரம்பைவிடக் குறைவான வாக்குகளையே அவருக்குக் கொடுத்தது.

நீதிமன்றத்தில் அவர் எழுந்து தன்னை அறிமுகம் செய்யும்போது "மக்களுக்காக" என்று சொல்வது வழக்கம். கலிபோர்னியாவில் வழக்குத் தொடுநர் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். 2019இல் அதையே தேர்தல் கோஷமாகவும் ஆக்கினார். டியர்போர்ன் மக்கள் அவரிடம் கேட்டது, அந்த மக்களில் நாங்களும் அடக்கமா என்பதைத்தான். தமக்கோ தம் உறவினருக்கோ பாதகமாக வந்தாலும் நீதிக்கே சாட்சியாக நிற்கவேண்டும் என்று சூரா அந்நிஸா நமக்குக் கற்றுத்தருகிறது. அந்த அளவுகோலை நாம் அவருக்கு மட்டும் வைத்துவிட்டு நமக்கு வைக்காமல் விடக்கூடாது.

2025 ஜனவரி 6ஆம் திகதி, உப ஜனாதிபதி என்ற முறையில் அவரே சபைக்குத் தலைமை தாங்கி, தன் தோல்வியை உறுதிசெய்யும் வாக்கு விபரத்தை அறிவித்தார். நான்கு வருடங்களுக்கு முன் அதே நாளில் அதே கட்டடத்துக்குள் கும்பல் புகுந்திருந்தது. இம்முறை அமைதியாக, சட்டப்படி, எல்லாம் நடந்து முடிந்தது.

அவரை முன்மாதிரி என்று சொல்லவும் எனக்கு மனமில்லை, புறந்தள்ளவும் மனமில்லை. நமது ஊர்ப் பெண்பிள்ளைகள் நீதிமன்றத்தின் எந்தப் பக்கத்திலும் அமர்வதற்குத் தகுதி பெறவேண்டும், வழக்குத் தொடுக்கும் பக்கத்திலும். நாம் அமராவிட்டாலும் அந்தக் கதிரை வெறுமையாக இருக்கப் போவதில்லை. யாரோ ஒருவர் அமரத்தான் போகிறார். விளக்கமறியலின் வாசலில் நின்ற ஒரு வீட்டின் பிள்ளை அங்கே அமர்ந்தால், தவணை தள்ளிப்போடுவதற்கு முன் ஒரு தடவையாவது அந்த வாசலை எட்டிப் பார்ப்பாள் என்று நம்புகிறேன். உம்மாவிடம் நான் சொல்லப் போகும் பதிலும் இதுதான்.