நெய்வேலி மண்மேடு

ஓமந்தூரிலிருந்து விழுப்புரம், பண்ருட்டி வழியே நெய்வேலி போகிறவர்கள் சமவெளியில் குன்றுபோல் நிற்கும் மண்மேடுகளைப் பார்க்கலாம். பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக மேலிருந்து வாரிக் கொட்டிய மண் அது. முந்திரியும் பலாவும் செழித்த செம்மண் பூமி; இப்போது அடிமண் மேலே வந்துவிட்டது. அதில் அங்ககச் சத்து மிகக் குறைவு. தொழு உரமும் தக்கைப்பூண்டும் பல பருவம் இட்டால்தான் பயிர் தேறும். மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்து, கடைசியில் பரப்பினால் இத்தனை பாடு இல்லை. நிலம் கொடுக்கும் விவசாயிகள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வட பிரான்சில் இத்தகைய நிலக்கரிச் சுரங்க மேடுகள் பலவற்றை யுனெஸ்கோ 2012ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அயிக்கூர் என்ற ஊரில் ஒரு மேட்டுச் சரிவில் 2011ல் திராட்சை நட்டு, ஒயினும் எடுக்கிறார்கள். நெய்வேலியிலும் ஒரு மேட்டையாவது கரைக்காமல் காக்கலாம். அந்த மண் எந்தெந்த ஊர் வயலிலிருந்து வந்தது என்று அருகில் ஒரு பலகையும் வைக்கலாம்.